பிடித்த கலைஞர் மறைந்தபின்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நடிகர், நாவலாசிரியர், காமிக்ஸ் ஓவியர் என்று மனதுக்கு நெருக்கமான ஒருவர் போய்விட்டார் என்ற செய்தி வந்ததும் ரசிகர்களுக்குள் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரு கலைஞரை நினைப்பது என்றால், அவர் செய்த வேலையிடம் திரும்பிப் போய், அதில் எந்த இடம் நம்மைப் பிடித்து நிறுத்தியது என்று சரியாகச் சொல்வதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நேரில் பார்த்தது இல்லை, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவருக்காக அழுவது அசட்டுத்தனமா?

இல்லவே இல்லை. "அவர் யாரோ, நீ யாரோ, உனக்கு எதற்கு இந்த அழுகை?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திரையிலும் வானொலியிலும் வருகிறவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கோ அவரைப் பல வருடம் பழகியதுபோல இருக்கும். இந்த ஒருபக்க நெருக்கம் மனித இயல்பு என்பதை அவர்கள் கவனித்தார்கள்.

ஒருபக்கம்தான் என்பதால் அது பொய்யாகிவிடாது. பள்ளிக்கூட வயதில் யாரோடும் ஒட்டாமல் இருந்த ஒரு பிள்ளைக்கு ஒரு நாவல் வரிசையோ ஒரு காமிக்ஸ் தொடரோ துணையாக இருந்திருந்தால், அந்தத் துணை நிஜம். எழுதியவர் போகும்போது அந்த வயதும் சேர்ந்து வலிக்கிறது. ஆனால் ஒன்று: அவர் குடும்பத்தாரின் துக்கம் வேறு, நம்முடையது வேறு. அவர்களுக்கு வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. நமக்கு அவருடைய படைப்பு முழுதாகக் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் நினைவில் இருந்தால், பொதுவெளியில் என்ன பேசலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது தானாகவே பிடிபடும்.

செய்தி வந்ததும் உடனே பகிரலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உயிரோடு இருப்பவரை இறந்ததாகச் சொல்லும் செய்திகள் வருடா வருடம் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. வதந்தி மட்டும்தான் இப்படித் தவறும் என்றும் சொல்ல முடியாது. 2021 ஜனவரி 3 அன்று நடிகை டான்யா ராபர்ட்ஸ் இறந்துவிட்டதாக அவருடைய செய்தித் தொடர்பாளரே அறிவித்தார். உலகம் முழுக்க இரங்கல் குவிந்தது. அப்போது அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். மறுநாள்தான் இறந்தார். அந்த ஒரு நாளில் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. குடும்பத்தார் சில நாள் செய்தியை வெளியே விடாமல் வைத்திருப்பார்கள். 'பெர்செர்க்' என்ற மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, வரைந்த கெந்தாரோ மியூரா 2021 மே 6 அன்று இறந்தார். வெளியே தெரிந்தது மே 20 அன்று. 'டிராகன் பால்' மங்காவைப் படைத்த அகிரா தோரியாமா 2024 மார்ச் 1 அன்று மறைந்தார்; அறிவிப்பு வந்தது மார்ச் 8. இரண்டு முறையும் குடும்பத்தளவில் இறுதிச் சடங்கு முடிந்த பிறகே வாசகர்களுக்குச் சொன்னார்கள். "ஏன் எங்களிடம் மறைத்தீர்கள்?" என்று கோபப்பட்ட சிலரையும் பார்த்தேன். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மேன் 2016-லிருந்து பெருங்குடல் புற்றுநோயோடு நடித்துக்கொண்டிருந்தார் என்பதே 2020 ஆகஸ்டில், 43 வயதில், அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. சொல்லாமல் இருப்பது அவருடைய உரிமை.

குடும்பத்தாரோ, பதிப்பகமோ, தயாரிப்பு நிறுவனமோ தங்கள் பெயரில் சொல்லட்டும். அதுவரை காத்திருப்பதால் நம் அன்பு குறைந்துவிடாது.

"ஆழ்ந்த இரங்கல்" என்பதைத் தாண்டி எழுத வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மாபெரும் கலைஞர், ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத ஒன்றைச் சொன்னால்தான் படிப்பவருக்கு அந்த ஆள் கண்முன் வருவார்.

தோரியாமாவையே எடுத்துக்கொள்ளலாம். 'டிராகன் பால்' 1984-லிருந்து 1995 வரை வாராவாரம் வந்த தொடர். நாயகனின் கறுப்பு முடியை ஒவ்வொரு கட்டத்திலும் மையால் நிரப்ப அவருடைய உதவியாளருக்கு ஏகப்பட்ட நேரம் பிடித்தது. நாயகன் கோபத்தின் உச்சத்தில் 'சூப்பர் சையன்' ஆக மாறும்போது முடி பொன்னிறமாகிறது. கறுப்பு வெள்ளைத் தாளில் பொன்னிறம் என்றால் வெறும் வெள்ளை; மை தேவையில்லை. நேரம் மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று தோரியாமாவே சொல்லியிருக்கிறார். வாரக்கெடுவின் நெருக்கடியில் பிறந்த அந்த வெள்ளை முடி, உலகம் முழுக்கக் குழந்தைகள் தங்கள் நோட்டில் வரைந்து பார்த்த உருவமாகிவிட்டது. இதை அறிந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டுங்கள். முகத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார், கோடு எவ்வளவு குறைவு, ஆனாலும் யார் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறார் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராதது எப்படி என்று பாருங்கள். எழுதுவதற்கு விஷயம் தானாக வரும்.

நடிகருக்கும் இதேதான். இர்ஃபான் கானை நினைக்கும்போது "கண்களாலேயே நடிப்பார்" என்று எல்லாரும் எழுதினார்கள். உண்மைதான், ஆனால் எந்தக் காட்சியில்? 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தில் சாப்பாட்டு டப்பாவுக்குள் வரும் கடிதத்தை அவர் தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரங்களைப் பாருங்கள். வசனம் கிடையாது, எதிரில் ஆள் கிடையாது. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் எழுத்து அவர் முகத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இளகவைக்கிறது என்பதுதான் காட்சியே.

குரல் நடிகர்களுக்கு இப்படிக் குறிப்பாகச் சொல்வது இன்னும் அவசியம். முகம் தெரியாததால் அவர்களை எளிதில் மறந்துவிடுகிறோம். 2022 நவம்பரில் மறைந்த கெவின் கான்ராய் 1992-ல் தொடங்கிய அனிமேஷன் தொடரில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர். பணக்காரர் புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், முகமூடி போட்டதும் இன்னொரு குரல் என்று பிரித்துப் பேசினார். அதில் எது வேஷம், எது நிஜம்? தொடரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் விடை கிடைக்கும். முகமூடிக்காரரின் குரல்தான் அவருடைய சொந்தக் குரல்போல ஒலிக்கும்.

எழுத்து நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். இரண்டு வரி போதும். "இந்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கிழவி கதவைத் திறக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை" என்று ஒருவர் எழுதினால், அது நூறு "ஆழ்ந்த இரங்கல்"களுக்குச் சமம்.

நடிகரை நினைப்பதற்கும் எழுத்தாளரை நினைப்பதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு, நிறையவே. நடிகரின் முகம் படத்தில் அப்படியே இருக்கிறது. முப்பது வயதில் ஓடியதும் அறுபதில் தளர்ந்ததும் அடுத்தடுத்துக் கிடைக்கும். அதனால்தான் நடிகர் போனால் அதிர்ச்சி கூடுதல். நேற்று ராத்திரிகூடப் பார்த்தோமே என்று தோன்றும்.

எழுத்தாளர் அப்படி இல்லை. அவர் முகம் பலருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய வாக்கியத்தை நம் மனக்குரலில் அல்லவா படித்தோம்? கி. ராஜநாராயணன் 2021 மே 17 அன்று மறைந்தபோது, அவரை ஒரு முறைகூடச் சந்திக்காதவர்கள் அவர் நடையிலேயே இரங்கல் எழுதினார்கள். வேண்டுமென்று செய்தது இல்லை, கை அப்படித்தான் போனது. கதை எழுதுவதோடு நிற்காமல் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியாகவும் போட்டவர் அவர். அவரை நினைக்க விரும்புகிற வாசகர் தன் பாட்டி சொன்ன சொல் ஒன்றை எழுதி வைத்தால், அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்ததாக ஆகும்.

காமிக்ஸ் ஓவியர் விஷயம் இன்னும் சிக்கல். ஒரு பக்கத்தில் பல கைகள் இருக்கும். கதை ஒருவர், பென்சில் ஒருவர், மை ஒருவர், வண்ணம் ஒருவர், பேச்சுக் குமிழிக்குள் எழுத்து இன்னொருவர். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரையே எல்லாரும் நினைப்பார்கள். இதில் நடந்த அநியாயங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயதான காலத்தில் வறுமையில் இருந்த அவர்களுக்கு, 1975-ல்தான் ஆண்டுதோறும் ஒரு தொகையும் 'படைத்தவர்கள்' என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. அதற்காகப் பொதுவெளியில் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஓவியர் நீல் ஆடம்ஸ். அவர் 2022 ஏப்ரல் 28 அன்று இறந்தார். அவர் வரைந்த பேட்மேனைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். இந்தப் போராட்டத்தையும் சேர்த்துப் பேசியவர்களைத்தான் எனக்குப் பிடித்தது.

பேட்மேன் விஷயத்திலேயே எழுத்தாளர் பில் ஃபிங்கரின் கதை இருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் உடை, கதைக்களம், பின்னணி எல்லாவற்றிலும் அவர் பங்கு பெரியது. 1974-ல் அவர் இறந்தபோது 'படைத்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. 2015-ல்தான் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தார்கள். ஆராய்ந்து எழுதியவர்கள், விடாமல் பேசிக்கொண்டே இருந்த ரசிகர்கள், உரிமை கேட்ட அவருடைய பேத்தி என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆகவே காமிக்ஸ் ஓவியருக்கு இரங்கல் எழுதும்போது ஒரு நிமிடம் செலவழித்து மை போட்டவர், வண்ணம் தீட்டியவர் பெயர்களையும் பார்த்துப் போடுங்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை, பெரும்பாலும் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் மறைந்தால்?

பெரிய பெயரின் நிழலில் இன்னொருவர் கவனிக்கப்படாமல் போவது எப்போதும் நடப்பதுதான். 1963 நவம்பர் 22 அன்று எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி.எஸ். லூயிஸ் இருவருமே இறந்தார்கள். அன்றுதான் அதிபர் கென்னடி சுடப்பட்டார். இரண்டு பெரிய எழுத்தாளர்களும் செய்தித்தாளின் மூலைக்குப் போனார்கள். அவசரம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பொறுமையாக எழுதுங்கள். அப்போதுதான் படிக்கவும் ஆள் இருக்கும்.

கதையை முடிக்காமல் போய்விட்டார். வேறு ஒருவர் முடிப்பது சரியா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. 'எல்லாருக்கும் பொருந்தும்' என்று ஒரே பதில் சொல்ல முடியாது. இறந்தவர் என்ன விரும்பினார், யாரிடம் சொல்லி வைத்தார் என்பதைப் பொறுத்தது.

மியூரா 'பெர்செர்க்'கை 1989-ல் தொடங்கினார். 54 வயதில், மகாதமனி கிழிந்து, திடீரென்று போனார். முடிவு அவரோடு போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவருடைய இளம் வயது நண்பர், அவரும் மங்கா ஓவியர், கோஜி மோரியிடம் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முழுக் கதையையும் சொல்லியிருந்தார் மியூரா. 2022 ஜூனில் தொடர் மீண்டும் வந்தது. மியூராவிடம் வேலை கற்ற உதவியாளர்கள் வரைகிறார்கள், மோரி மேற்பார்வை செய்கிறார். மியூரா தன்னிடம் சொன்னதை மட்டுமே எழுதுவேன், நினைவில் தெளிவாக இல்லாததைச் சேர்க்கமாட்டேன் என்று மோரி வாசகர்களுக்கு எழுதினார். எனக்கு அது போதும். கோடுகளில் பழைய அடர்த்தி இல்லை என்று குறைப்படுகிற வாசகர்கள் இருக்கிறார்கள். கவசத்தின் ஒவ்வொரு கீறலையும் தனித்தனியாக இழைத்த கை அது, வேறு கையில் அப்படியே வராது. ஆனால் நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒருவர் தன் வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் சுமக்கிறார் என்பது பெரிய விஷயம்.

நாவலில் இதற்குப் பழைய வழக்கம் உண்டு. கல்கி 1954-ல் மறைந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை, அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் 2007-ல் இறந்த பிறகு அவருடைய நெடிய நாவல் தொடரை அவர் மனைவி தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். கடைசிப் புத்தகம் 2013-ல் வந்தது. இரண்டிலும் எழுத்தாளரின் குறிப்புகளும் வீட்டாரின் சம்மதமும் இருந்தன.

இதற்கு நேர் எதிர், ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்சட். முடிக்காத எழுத்து எதுவும் வெளியே போகக் கூடாது, கணினியின் வன்தட்டை நசுக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 2017 ஆகஸ்டில், இங்கிலாந்தில் நடந்த ஒரு நீராவி இயந்திரக் கண்காட்சியில், பழைய சாலை உருளையை அதன் மேல் ஏற்றி நசுக்கினார்கள். உள்ளே என்னென்ன கதைகள் இருந்தனவோ என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனாலும் சரியான செயல் அதுதான்.

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் கடைசி நாவல் விஷயத்தில் எனக்குச் சங்கடம் உண்டு. நினைவு மங்கிய காலத்தில் எழுதியது. இது தேறாது, அழித்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். மகன்கள் 2024 மார்ச் 6 அன்று, அவருடைய பிறந்தநாளில், வெளியிட்டார்கள். அப்பாவின் பேச்சை மீறியதை அவர்களே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள். படிக்க விரும்பினால் படியுங்கள், தப்பில்லை. ஆனால் அவரை முதன்முதலாகப் படிக்கப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுக்காதீர்கள். அவர் தன் பெயரில் முழு மனதோடு வெளியிட்டதைக் கொடுங்கள்.

ரசிகர்கள் கூட்டாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

படைப்புக்குள்ளிருந்தே எடுத்த அஞ்சலிகள்தான் நெஞ்சில் நிற்கின்றன.

பிராட்சட்டின் ஒரு நாவலில், கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குச் செய்தி அனுப்பும் ஒரு முறை வரும். வேலையில் இறந்துபோன ஊழியரின் பெயரை அந்தக் கோபுரங்களின் வழியே முன்னும் பின்னுமாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்; பெயர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் போகவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. 2015-ல் பிராட்சட் இறந்ததும் அவருடைய வாசகர்களாக இருந்த கணினிக்காரர்கள், இணையதளங்கள் உலாவிகளுக்கு அனுப்பும் தலைப்புத் தகவலில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாதபடி, அவர் பெயரை, நாவலில் வரும் குறியீட்டோடு, சேர்த்தார்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்தது.

மியூரா மறைந்தபோது 'ஃபைனல் ஃபான்டஸி 14' என்ற இணைய விளையாட்டில், பெரிய வாள் ஏந்திய இருள் வீரர் வேடத்தில் ஆட்டக்காரர்கள் விளையாட்டு நகரங்களின் வீதி நெடுக வரிசையாக வந்து நின்றார்கள். அந்த வேடமே மியூராவின் நாயகனின் சாயலில் உருவானது. தோரியாமாவுக்காக அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில், ஒபெலிஸ்கோ தூணைச் சுற்றித் திரளான ரசிகர்கள் கூடி, இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினார்கள். கதையில் நாயகன் தன் பலம் போதாமல் உலகத்து உயிர்களிடம் சக்தியைக் கடன் கேட்கும்போது எல்லாரும் இப்படித்தான் கை தூக்குவார்கள். அதே நகரத்தில், 2020-ல் காமிக்ஸ் ஓவியர் கீனோ மறைந்தபோது, அவர் வரைந்த மஃபால்டா என்ற சிறுமியின் சிலை இருக்கும் பெஞ்சில் பூக்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

வேறொரு வகையும் உண்டு: அவர் தொடங்கிய காரியத்தைத் தொடர்வது. நடிகர் விவேக் ஒரு கோடி மரக்கன்று நடுவதாக இலக்கு வைத்து, 33 லட்சத்தைத் தாண்டியிருந்தார். 2021 ஏப்ரலில் அவர் மறைந்ததும் பலர் அஞ்சலியாக மரக்கன்று நட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது அவருடைய கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில் கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கண்தானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். நட்ட கன்றுக்கு அடுத்த கோடையிலும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

சின்ன அளவில் செய்வதானால் கூட்டு வாசிப்பு, கூட்டுத் திரையிடல் போதும். ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லுங்கள். ஏன் அந்தப் பக்கம் என்று ஐந்து நிமிடம் பேசட்டும்.

குடும்பத்தாருக்கு எழுதலாமா?

பதிப்பகம், தயாரிப்பு நிறுவனம் அல்லது அவர்களே அறிவித்த முகவரி வழியாக எழுதலாம். பதில் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்குப் போய் நிற்பது, சொந்தக் கணக்கைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்புவது இரண்டும் வேண்டாம்.

இறந்த பிறகு அவரைப் பற்றி மோசமான உண்மை வெளிவந்தால் என்ன செய்வது?

ஆலிஸ் மன்றோ 2024 மே 13 அன்று மறைந்தார். நோபல் பரிசு பெற்ற சிறுகதையாளர்; உலகம் முழுக்க வாசகர்கள் உருகி எழுதினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை தொடக்கத்தில் அவருடைய இளைய மகள் எழுதிய கட்டுரை வந்தது. சிறுமியாக இருந்தபோது மாற்றாந்தந்தை தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்ததையும், அதை அம்மாவிடம் சொன்ன பிறகும் அம்மா அந்த மனிதரோடே இருந்துவிட்டதையும் அதில் சொல்லியிருந்தார். அந்த மனிதர் 2005-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்.

இப்படி நேரும்போது ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம் புத்தகங்களைத் தூக்கி எறிகிறது. இன்னொரு பக்கம் "இறந்தவரைப் பற்றித் தப்பாகப் பேசாதே" என்று மகளையே அதட்டுகிறது. இரண்டாவதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். பாதிக்கப்பட்டவர் பேசும்போது நம் அபிமானம் குறுக்கே வந்து நிற்கக் கூடாது. முதலாவது அவரவர் மனம். என்னால் அந்தக் கதைகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் பேசாமல் இருந்துவிடுகிற பெண்கள், பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிற தாய்மார்கள் வரும் இடங்களில் இப்போது நிதானம் தப்புகிறது. முன்பு அதை மனித மனத்தின் ஆழம் என்று வியந்து படித்தேன். இப்போது அந்த மகளையும் நினைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். இனி அவரைப் பற்றி எழுதினால் இதையும் எழுத வேண்டும். விட்டுவிட்டு எழுதினால் அது அரைகுறை.

செயற்கை நுண்ணறிவை வைத்து இறந்தவரின் குரலையும் ஓவியத்தையும் உருவாக்குகிறார்களே, அது அஞ்சலிதானே?

அவர் சம்மதித்தாரா என்பதுதான் முதல் கேள்வி. 2024 செப்டம்பரில் மறைந்த நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் டார்த் வேடர் பாத்திரத்துக்கான தன் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து குரலை உருவாக்கிக்கொள்ள உயிரோடு இருக்கும்போதே ஒப்புக்கொண்டார். அது அவர் முடிவு. நடிகர் பீட்டர் குஷிங் 1994-லேயே இறந்தவர். 2016-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம் ஒன்றில் கணினி வழியாக அவர் முகத்தைக் கொண்டுவந்தார்கள். வாரிசுகள் சம்மதித்தார்கள் என்றாலும், அந்த முகம் திரையில் வரும்போது எனக்கு ஒட்டவே இல்லை. கலிஃபோர்னியாவில் 2024-ல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. மறைந்த நடிகர்களின் உருவத்தையோ குரலையோ கணினியில் உருவாக்கிப் படங்களில் பயன்படுத்த வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

ஓவியர்களுக்கு நடந்ததுதான் இன்னும் கசப்பு. கொரியாவின் கிம் ஜங் கி 2022 அக்டோபர் 3 அன்று, 47 வயதில், மாரடைப்பால் இறந்தார். பென்சில் கோடு போடாமல், பார்த்து வரையப் படம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், சுவர் அளவு தாளில் நேரடியாகத் தூரிகைப் பேனாவை வைத்துவிடுவார். ஒரு மூலையில் ஒரு முகத்தைத் தொடங்கி, அங்கிருந்து கூட்டம், வண்டி, விலங்கு என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். கோணம் எங்கேயும் பிசகாது. பார்த்துக்கொண்டிருப்பவர்களோடு பேசிக்கொண்டே வரைவார். அவர் இறந்த சில நாட்களில் ஒருவர் அவருடைய ஓவியங்களை எந்திரத்துக்குக் கொடுத்துப் பழக்கி, "கிம் ஜங் கி பாணியில் நீங்களும் படம் உருவாக்கலாம்" என்று அஞ்சலியாக வெளியிட்டார். ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். நியாயமான கோபம். வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிய உருவங்கள் கை வழியாக இறங்குவதைத்தான் நாம் வியந்தோம். அந்தப் பார்வையும் உழைப்பும் போன பிறகு பாணியை மட்டும் உரித்து எடுப்பதில் அவர் எங்கே இருக்கிறார்? அவர் வரைவதைப் பதிவு செய்த காணொளிகள் நிறைய இருக்கின்றன. ஒன்றை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்.

மறைந்த உடனே அவருடைய கையெழுத்துப் பிரதி, அசல் ஓவியம் வாங்கலாமா?

அந்த வாரத்தில் வேண்டாம். விலை ஏறியிருக்கும், போலிகளும் வரும். குறிப்பாக, விழாக்களில் போட்டுக் கொடுத்த சின்னப் படங்கள் என்று சொல்லி விற்பதில் ஏமாற்று அதிகம். எங்கே, எப்போது, யாருக்கு வரைந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அச்சில் இருக்கும் புத்தகத்தை வாங்கினால் அவர் குடும்பத்துக்கும் ஏதாவது போய்ச் சேர வாய்ப்புண்டு.

இன்னும் உயிரோடு இருக்கிற கலைஞருக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதை இப்போதே செய்யுங்கள். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் 2021 டிசம்பரில், தனக்குக் கணையப் புற்றுநோய், அறுவை செய்ய முடியாது, ஆறு மாதமோ ஒரு வருடமோதான் என்று ரசிகர்களுக்குத் தானே எழுதினார். சிகிச்சைக்குப் பின்னால் ஓடாமல், மிச்சம் இருக்கிற நாளை மனைவியோடும் நண்பர்களோடும் ரசிகர்களோடும் கழிக்கப்போவதாகச் சொன்னார். கூட்டம் கூட்டமாக நாயகர்களை ஒரே பக்கத்தில் வரைந்து, அதில் ஒவ்வொருவர் முகத்தையும் தனியாக அடையாளம் தெரியும்படி செய்தவர். ஒரே அட்டையில் 200-க்கும் மேற்பட்ட பாத்திரங்களை நிறுத்தியிருக்கிறார். எதிரும் புதிருமான மார்வெல், டிசி என்ற இரண்டு காமிக்ஸ் நிறுவனங்களும், தங்கள் நாயகர்கள் சேர்ந்து வரும் அவருடைய புத்தகத்தை நலிந்த ஓவியர்களுக்கான அறக்கட்டளைக்காக 7,000 பிரதிகள் மறுபதிப்பு செய்யச் சம்மதித்தன. 2022 மே 6 அன்று அவர் மறையும் வரை, அந்த ஐந்து மாதமும் உலகம் முழுக்க வாசகர்கள் எந்தப் பக்கம் தங்களுக்கு என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவரால் படிக்க முடிந்தது.

எல்லாருக்கும் இப்படி முன்னறிவிப்பு கிடைக்காது. பதிப்பக முகவரிக்கு ஒரு கடிதம் போதும். முதல் பத்தியில் உங்களைப் பற்றி இரண்டு வரி. அப்புறம் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று நேராக விஷயத்துக்கு வாருங்கள். பக்கத்தைப் படம் பிடித்து இணைத்தால் இன்னும் நல்லது. வரைந்து பல வருடம் ஆகியிருந்தால் அவர்களுக்கே மறந்திருக்கும். கேள்வி இருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள், அதுவும் வேலையைப் பற்றி. "அடுத்த பாகம் எப்போது?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் கேட்டிருப்பார்கள்.